ஒப்புகை அட்டையில் என் கையொப்பம்

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி, அதற்கு ஒரு கால் கட்டை. இதில் உட்காருங்கள். வாசலிலேயே உங்கள் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததற்கு வருத்தப்படாதீர்கள். படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை. ஆனால் காது ஒத்துப்போகிறது. மீசை போகும், பல் போகும், முடி போகும். காதின் அமைப்பு அப்படியே இருக்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத்தில் இருந்தவள் நான். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணலுக்கு வருவார்களே, அவர்களுடைய முகத்தையும் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புகிற வேலை. என் மேசையைத் தாண்டி ஓர் ஆள்மாறாட்டக்காரர்கூடப் போனதில்லை.

சரி. தபால் துறை ஆய்வாளர் நீங்கள். நான் கொடுத்த புகாரின் மேல் வாக்குமூலம் வாங்க வந்திருக்கிறீர்கள். தபால்காரர் பேச்சிமுத்து இரண்டு மாதமாகப் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். நான் இன்று சொல்வதை வைத்து அவரை வேலையைவிட்டே அனுப்புவதா, திரும்பச் சேர்த்துக்கொள்வதா என்று உங்கள் மேலதிகாரி முடிவு செய்வார். அப்படித்தானே? நன்று. நானும் விசாரணைகள் நடத்தியிருக்கிறேன். வாக்குமூலம் என்றால் பேசியதையெல்லாம் எழுதுவதில்லை. 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று நான் சொல்லும்போது எழுதுங்கள். 'எழுத வேண்டாம்' என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். இருவருக்கும் நேரம் மிச்சம்.

அது என்ன, உறையிலிருந்து எடுக்கிறீர்கள்? பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையா? வங்கியிலிருந்து வாங்கி வந்தீர்களா? அதை இப்போது காட்டாதீர்கள். முதலில் வாக்குமூலம், பிறகுதான் ஆவணம். வரிசை மாறினால் சாட்சியின் மனம் ஆவணத்தின் பக்கம் சாய்ந்துவிடும். மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். ஆம், அப்படி.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் லில்லி கனகமணி. வயது எழுபத்தொன்று. சார் கருவூல அலுவலர், ஓய்வு. தனியாக வசிக்கிறேன். கீழ்வீட்டில் நான், மாடியில் வாடகைக்கு ஒரு பெண்.

தலைக்கு மேல் ஏதோ இழுபடும் சத்தம் கேட்கிறதல்லவா, அவள்தான். ஹெப்சி. கட்டிலை வேறு மூலைக்கு மாற்றுகிறாள் போலிருக்கிறது. காலையிலிருந்தே இப்படித்தான். அவளைப் பற்றி எழுத வேண்டாம். அவளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதை விரிவாகவே எழுதுங்கள், ஏனென்றால் வங்கி மேனேஜர் என்னைப் பார்த்து, "வயசானவங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும் மேடம்" என்றார். என்னிடம்! என் வீட்டுக் கேட்டில் இருக்கும் தபால் பெட்டியைப் பார்த்தீர்களா? இந்தத் தெருவில் பூட்டுப் போட்ட ஒரே பெட்டி அதுதான். கை நுழையாத அளவுக்கு வாயைக் குறுக்கச் சொல்லி வெல்டிங் கடையில் நின்று செய்து வாங்கினேன். வந்த உறைகளை நான் குப்பையில் போடுவதில்லை. பெயரும் முகவரியும் உள்ள இடத்தைக் கத்தரித்து, வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, கூழாக்கித் தென்னைக்குப் போடுவேன். கைபேசியில் வரும் எண்ணை இன்றுவரை எவருக்கும் சொன்னதில்லை. ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றான். "முதலில் உன் பணியாளர் எண், உன் மேலதிகாரியின் பெயர், உன் கிளையின் முகவரி மூன்றையும் சொல்" என்றேன். வைத்துவிட்டான். மறுபடி நானே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இவ்வளவு செய்த வீட்டில், தம்பி, மூன்று மாதம் எனக்கு வந்த தபால்கள் எனக்கு வரவில்லை. அதுதான் என் புகார்.

தேதிவாரியாகச் சொல்கிறேன், எழுதுங்கள். ஐப்பசி முதல் வாரம் எனக்கு வலக்கண்ணில் புரை அறுவை. இரண்டு வாரம் கழித்து இடக்கண். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, வேளை தவறாமல் சொட்டுமருந்து. கண்ணாடி மாற்றித் தரும்வரை எழுத்து என்று ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தாளில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். மழைக்காலம் வேறு. மார்கழி பிறந்துதான் புதுக் கண்ணாடி வந்தது. அந்த மாதம் ஓய்வூதியம் வரவானதற்கான குறுஞ்செய்தி என் கைபேசிக்கு வரவில்லை. சரி, தாமதம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வரவில்லை. ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் சிறு வயதுக்காரர். கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க மொபைல் நம்பரை நீங்களே மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கீங்களே மேடம்" என்றார்.

"நான் எழுதிக் கொடுக்கவில்லை."

"ஏடிஎம் கார்டு தொலைஞ்சிடுச்சுன்னு புதுசு கேட்டிருக்கீங்க. பதிவுத் தபால்ல அனுப்பி, நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க. பென்ஷன் பேர்ல கடனும் எடுத்திருக்கீங்க."

"நான் எடுக்கவில்லை."

அவர் ஒரு கோப்பைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். விண்ணப்பம். அதனுடன் என் ஆதார் நகல், ஓய்வூதியப் புத்தக நகல், என் புகைப்படம். நகல்களின் கீழே என் கையொப்பம். போலி அல்ல, தம்பி. என் நீல மை. என் கை. நான் போட்டது. "இது உங்க கையெழுத்து இல்லையா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "நீங்க நீங்கதான்னு எனக்குத் தெரியுது மேடம். ஆனா பேப்பர்படி இதெல்லாம் செஞ்சதும் நீங்கதான்" என்றார். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் நகைக்கடனுக்கு வந்தவள், வளையலைக் கழற்றிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுத வேண்டாம் இதை. எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நேர்காணலுக்கு ஒரு விதவை அம்மாள் வருவார், தோட்டி வேலை பார்த்தவரின் மனைவி. நோயில் மெலிந்து, பல்லெல்லாம் போய், பழைய படத்துக்கும் ஆளுக்கும் ஒட்டவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். "நாந்தாம்மா அது, நாந்தான்" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். மூன்றாம் முறை ஊராட்சித் தலைவரின் சான்றோடு வந்தார். ஏற்றுக்கொண்டேன். விதி அது, விதியில் நான் தவறவில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், காகிதத்தை நம்புவதில் அந்த மேனேஜரின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நகல்களா? அது எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சான்றொப்பமிட்ட நகல்கள் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். பன்னிரண்டு படிகள். எரிவாயு அலுவலகம், காப்பீடு, சொத்துவரி, எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் நின்று ஜெராக்ஸ் கடை தேடுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று எழுதி, முழுக் கையொப்பமிட்டு, கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே பதவி. வங்கியில் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: நகலின் குறுக்கே எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறோம் என்று எழுத வேண்டுமாம், தேதியும் போட வேண்டுமாம். நான் அப்படி எழுதுவதில்லை. என் காலத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்த நகலைக்கூட நான் ஏற்றதில்லை. கிறுக்கிய நகல் செல்லாது. என்னுடையவை எப்போதும் சுத்தமாக இருக்கும். எந்த அலுவலகத்திலும் ஒரு பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, ஏற்றுக்கொண்டார்கள்தான். யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்தான். அது புரிகிறது எனக்கு.

பேச்சிமுத்துவுக்கு வருவோம். எழுதுங்கள். இந்தத் தபால்காரர் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் தெருவுக்கு வருகிறார். அவருடைய நடத்தையில் எனக்குத் தொடக்கத்திலிருந்தே திருப்தி இல்லை. ஒன்று, மணியை அடிக்காமல் கேட்டைத் தட்டுவார். இரண்டு, வெற்றிலைக் கறை படிந்த விரலால் உறையைத் தொடுவார். மூன்று, "ஆச்சீ! லெட்டர் வந்துருக்கு ஆச்சீ!" என்று தெரு முழுவதும் கேட்கும்படி கூப்பிடுவார். நான் எவருக்கும் ஆச்சி அல்ல. மேடம் என்று கூப்பிடும்படி இரண்டு முறை திருத்தினேன். "சரி ஆச்சி" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். எழுத வேண்டாம்.

கேட்டைத் திறந்தால் தபாலை மட்டும் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். "ஒங்க தங்கச்சி மகன் லெட்டரா ஆச்சி? அமெரிக்காவுல இருந்தும் கையால எழுதுதாவளே, நல்ல புள்ள" என்பார். பிறருடைய உறையின் பின்பக்கத்தைப் படிக்கிறவன் உள்ளே இருப்பதையும் படிப்பான் என்று நான் முடிவு செய்ததில் என்ன தவறு?

ஹெப்சி அப்படி இல்லை. இது எழுதுவதற்கல்ல, நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். அவள் குடிவந்து இரண்டு ஆண்டு. கணவன் மஸ்கட்டில் என்றாள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சொல் சுத்தம், உடை சுத்தம். முதல் நாளே "மேடம்" என்றுதான் அழைத்தாள். கண் அறுவையின்போது அவள்தான் உடன் வந்தாள். சொட்டுமருந்து விட்டாள். என்னால் படிக்க முடியாத அந்த நாட்களில் வந்த தபால்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, இதோ இந்த இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். லகரம், ளகரம், ழகரம் ஒன்றுகூடத் தவறாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். "இன்னிக்கு இவ்வளவுதான் மேடம், மத்ததெல்லாம் வெறும் விளம்பரம்" என்பாள். விளம்பரங்களை அவளே கிழித்துப் போட்டுவிடுவாள்.

பெட்டிச் சாவியா? இன்னொரு சாவி அவளிடம் இருக்கிறது. குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும்போது பெட்டியைத் திறப்பது யார்?

நகல்களையும் அவளிடம்தான் கொடுத்தேன். எரிவாயு அலுவலகத்துக்கு ஒரு படி கேட்டாள். ஒவ்வொரு முறையும் என்னை எழுப்ப வேண்டாம் என்று ஆறு படிகளைச் சேர்த்துக் கொடுத்தேன். தம்பி, பேனாவைக் கீழே வையுங்கள். எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

மேலே சத்தம் நின்றுவிட்டது.

எங்கே விட்டேன்? வங்கியிலிருந்து வந்த அன்றே நான் உங்கள் மேலதிகாரிக்கு நான்கு பக்கம் எழுதினேன். விண்ணப்பம் யார் கொடுத்தது என்பது காவல்துறை பார்த்துக்கொள்ளும். அங்கே தனியாகப் புகார் இருக்கிறது. ஆனால் புது அட்டை வந்தது தபாலில். கடன் ஒப்புதல் கடிதம் வந்தது தபாலில். எண் மாற்றப்பட்டதற்கான அறிவிப்பு வந்தது தபாலில். மூன்றும் என் கைக்கு வரவில்லை. நடுவில் இருந்தவர் ஒருவர்தான். பதிவுத் தபாலை உரியவரிடம் அல்லாமல் வேறொருவரிடம் கொடுத்ததும், அல்லது தானே வைத்துக்கொண்டு என் கையொப்பத்தைப் போட்டதும் அவர்தான். எழுதினீர்களா? 'அல்லது' என்பதை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் நாளே அவரை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை மனைவியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். அன்று கேட்டைத் தட்டவில்லை. நான் பூச்செடிக்குத் தண்ணீர் விட வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். காக்கிச் சட்டை இல்லாமல் ஆளே சிறுத்துப்போயிருந்தார்.

"ஆச்சி, நீங்கதான சொன்னிய?" என்றார். "மத்தியானம் படுத்திருப்பேன், கேட்டைத் தட்டி எழுப்பாத, பதிவுத் தபால் எது வந்தாலும் மேல்வீட்டு அம்மாட்ட குடுத்துரு, அவ என் பேருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுவான்னு நீங்கதான சொன்னிய?"

நான் அவரிடம், "எழுத்தில் காட்டுங்கள்" என்றேன்.

"எழுத்துலயா?"

"நான் அப்படி உத்தரவு கொடுத்ததற்கு எழுத்து இருந்தால் காட்டுங்கள். வாய்மொழி உத்தரவு உத்தரவு அல்ல. அரசு ஊழியராகிய உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்."

அவர் மனைவி சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தபடி நின்றாள். அவர்தான் சொன்னார்: "மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் எல்லாத்தையுமா எழுதிக் குடுத்துக்கிட்டுப் பேசுவாவ, ஆச்சி? கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு நீங்க இந்தக் கேட்டைப் புடிச்சு நின்னிய. நான் பாவமேன்னுல்லா சரின்னு சொன்னேன். இன்னும் நாலு வருசம் சர்வீஸ் கெடக்கு எனக்கு."

"அதை விசாரணையில் சொல்லுங்கள்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

உங்களிடமும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். சொன்னாரா? அதைத்தான் என்னிடம் கேட்க வந்திருக்கிறீர்கள், இல்லையா? சொன்னேனா, இல்லையா என்று.

தண்ணீர் வேண்டுமா? எனக்கு வேண்டும். அந்தச் செம்பை இப்படி நகர்த்துங்கள்.

அதற்கு விடை சொல்லுமுன் ஆவணத்தைப் பார்த்துவிடலாம். அட்டையைத் திருப்புங்கள். கொண்டாருங்கள், வெளிச்சம் இந்தப் பக்கம். இந்தப் புதுக் கண்ணாடியில் கொசுவின் கால்கூடத் தெரிகிறது.

ம்.

நல்ல கை. எழுதியவர் தயங்கவில்லை, பேனா எங்கும் நின்று கிளம்பவில்லை. 'ல்லி'யின் மேல்சுழி என்னுடையதுபோலவே இடப்பக்கம் சாய்கிறது. பலமுறை எழுதிப் பழகிய கை. ஒருவேளை இதை என்னிடமே அப்போது காட்டியிருந்தால், மங்கிய கண்ணுக்கு, என்னுடையது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இது என்னுடையது அல்ல. எழுதுங்கள், இது என்னுடையது அல்ல. காரணமும் சொல்கிறேன். உங்களிடம் எனக்குப் பட்டுவாடா செய்த பழைய பதிவுத் தபால்களின் ரசீது ஏதாவது இருக்கிறதா, நான் கையொப்பமிட்டது? கண் அறுவைக்கு முந்தையது? மூன்று இருக்கிறதா? வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். நல்ல ஆய்வாளர் நீங்கள். வரிசையாக வையுங்கள்.

பாருங்கள். மூன்றிலும் சுருக்கொப்பம். 'லி.க.' அவ்வளவுதான். எனக்கு இரண்டு கையொப்பம் உண்டு, தம்பி. சான்றளிக்கும் இடத்தில் முழுக் கையொப்பம். பெற்றுக்கொண்டதற்குச் சுருக்கொப்பம். கருவூலத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு தாள் வரும். எல்லாவற்றிலும் முழுப் பெயரை எழுதினால் மணிக்கட்டு போய்விடும். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. ஒன்பது ஆண்டில் பேச்சிமுத்துவிடம் நான் போட்டதெல்லாம் இந்த 'லி.க.'தான். என் முழுக் கையொப்பத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவர் என்னைப்போலப் போட்டிருந்தால் இந்தச் சுருக்கத்தைத்தான் போட்டிருப்பார்.

இந்த அட்டையில் இருப்பதோ முழுக் கையொப்பம். கீழே கோடு. கோட்டுக்குக் கீழே, இதோ, இந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். நீங்களே படியுங்கள், என் கண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இன்னொருவர் படித்துக் கேட்க வேண்டும் எனக்கு.

'சார் கருவூல அலுவலர், ஓய்வு.'

தபால் அட்டையில் பதவி போட்டு எவராவது தபால் வாங்குவார்களா? நான் வாங்குவேனா? இதைப் போட்டவருக்கு எது கையொப்பம், எது பதவி என்றே தெரியவில்லை. ஒரு தாளில் எப்படி இருந்ததோ அப்படியே, கோடும் பதவியும் சேர்த்து, ஒரு கோலத்தைப்போல முழுவதையும் பார்த்துப் போட்டிருக்கிறார். அந்தக் கோலம் இருக்கும் தாள் ஒன்றே ஒன்றுதான். அது என் நகல். பன்னிரண்டு படிகள். ஆறு இந்த அலமாரியில் இருக்கின்றன, நேற்று எண்ணினேன்.

மீதி ஆறும் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி.

அந்த அட்டையை மறுபடி கவிழ்த்து வையுங்கள்.

சொட்டுமருந்து விடும்போது, தம்பி, இமையைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். எனக்கு நடுங்கும். "மேலே பாருங்க மேடம், என்னைப் பாருங்க" என்பாள். ஒருநாள்கூட வலித்ததில்லை. நாளுக்கு நான்கு வேளை, ஆறு வாரம். எனக்கு அவளைப்போல ஒருத்தி இருந்திருந்தால் என்று நான் ஜெபத்தில்கூட... அது எழுதுவதற்கல்ல. எந்தத் தாளிலும் எழுதுவதற்கல்ல.

ஒருவேளை அவள் கணவன் செய்திருக்கலாம். அல்லது அவளிடமிருந்து எவராவது நகல்களை எடுத்திருக்கலாம். இருக்கலாம் அல்லவா? விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நான் கண்ணால் காணாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கையொப்பம் பேச்சிமுத்துவின் வேலை அல்ல. இதைக் கண்டபிறகும் அவர்தான் என்று நான் சொன்னால், முப்பத்து மூன்று ஆண்டு நான் பார்த்த வேலை வேலையே அல்ல.

அந்தத் தாளை எடுங்கள். இல்லை, புதுத் தாள். முன்னே எழுதியதை அடிக்க வேண்டாம், அது இருக்கட்டும். இதைத் தொடர்ச்சியாக வையுங்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள்.

'கண் அறுவைக்குப் பின், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, என் வீட்டுக் கேட்டில் நின்று, பதிவுத் தபால்களை மாடியில் குடியிருக்கும் ஹெப்சி என்பவரிடம் கொடுக்கும்படியும், அவர் என் பெயருக்குக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வார் என்றும், தபால்காரர் பேச்சிமுத்துவிடம் வாய்மொழியாகச் சொன்னது நான்தான். இதை அவர் நினைவூட்டியபோது எழுத்து இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுத்ததும் நான்தான். பெட்டியின் சாவியையும், காரணம் குறிக்காத ஆறு நகல்களையும் அதே பெண்ணிடம் கொடுத்ததும் நான்தான்.'

எழுதிவிட்டீர்களா? படியுங்கள்.

'மறுத்ததும்' என்ற இடத்தில் நிறுத்திப் படிக்கிறீர்கள். தேவையில்லை. சரியாகத்தான் சொன்னேன்.

சொல்லியும் அவர் அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது என்பது உங்கள் விதி, எனக்குத் தெரியும். எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பீர்கள். கொடுங்கள். ஆனால் நான்கு ஆண்டு சர்வீஸில் கை வைக்கக் கூடாது. அவரைத் திரும்பச் சேர்த்தால் இந்தத் தெருவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பயந்துகொண்டு வேறு தெரு கேட்பார், கொடுக்காதீர்கள். அவர் வரட்டும். நான் கேட்டுக்குப் போய் நின்று பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

பேனாவைக் கொடுங்கள். முழுக் கையொப்பம். இடப்பக்க விளிம்பிலும் ஒன்று போடுகிறேன், இடையில் எவரும் ஒரு வரியைச் சொருகாமல் இருக்க. தேதி. நேரம், பிற்பகல் மூன்று பத்து.

பொறுங்கள். எழுந்திருக்காதீர்கள்.

மாடிப்படியில் கேட்கிறதா? அவள் நடை அது. ஒவ்வொரு படியிலும் ஏதோ இடிபடுகிறது, பெட்டியாக இருக்கும். காலையிலிருந்து கட்டிலை இழுக்கிறாள் என்று நான் உங்களிடம் சொன்னேன். இந்த மேல்வீட்டில் கட்டில் சிமெண்டில் கட்டியது, தம்பி. நானே கட்டச் சொன்னது. அதை எவராலும் இழுக்க முடியாது.

வாசலில் ஆட்டோவும் வந்து நிற்கிறது.

காவல் நிலையத்து எண் அந்த நாட்காட்டியின் ஓரத்தில் இருக்கிறது, புகார் எண்ணோடு. உங்கள் கைபேசியிலிருந்து கூப்பிடுங்கள். அதிகாரி ஒருவர் கூப்பிட்டால்தான் உடனே வருவார்கள். சமையலறைக்குள் போய்ப் பேசுங்கள், தாழ்ந்த குரலில். எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேளுங்கள். அதுவரை அவளை உட்காரவைப்பது என் பொறுப்பு.

தட்டுகிறாள்.

"மேடம், தூங்குறீங்களா? ஊர்ல அம்மாவுக்குச் சீரியஸாம், சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

"இல்லை, ஹெப்சி, விழித்துத்தான் இருக்கிறேன். இதோ திறக்கிறேன். உள்ளே வந்து உட்கார். கண் இரண்டும் எரிகிறது. போகுமுன் ஒரு வேளை மருந்து விட்டுவிட்டுப் போ."

போங்கள் தம்பி, சீக்கிரம். அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.